எலும்பு மென்ற மாடு

"பேய்க்குப் போயி புக்குல வைத்தியம் தேடிக்கினு இருக்கிறியேமா, இதுக்குத்தான் உன்ன காலேஜு அனுப்புனமா?" என்று சித்தப்பா கேட்டார். தொண்ணூறுகளின் கடைசி. காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் எங்கள் வீடு. அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் அன்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

எங்கள் மாடு எலும்பு தின்றது.

மேய அவிழ்த்துவிட்டால் நேராகப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும். அப்பாவை எரித்த இடம். உச்சி வெயிலில் அங்கே ஒரு காக்கைகூட இருக்காது. வாயோரம் ஓர் எலும்பைக் கவ்விக்கொண்டு, கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே மென்றுகொண்டிருக்கும். கடக், கடக் என்று சத்தம் வரும். எச்சில் நூலாக ஒழுகும். பார்த்தவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் பால் வாங்குவதும் நின்றது.

"உங்க ஊட்டுக்காரருதான் அதும்மேல வந்துக்கினு இருக்காரு" என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடமே சொன்னார். அம்மாவும் மறுக்காமல் சொன்னாள்:

"அவருக்கு இன்னும் பசி அடங்கலியோ இன்னாவோ."

அடுத்த சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று சித்தப்பா முடிவு செய்தார். அது அடிமாடாகத்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கன்றுக்குட்டியாக இருந்தபோது அப்பா தோளில் தூக்கி வந்த மாடு அது.

நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. விடியற்காலையில் அதே மெல்லும் சத்தம் வீட்டுக்குள்ளும் கேட்டது. மாடு வெளியே கொட்டகையில் இருக்கும். சத்தமோ எங்கள் வீட்டு நெசவுத் தறிப் பக்கமிருந்து வரும். நான் பாயில் புரண்டால் நின்றுவிடும்.

தீவனத்தில் பாஸ்பரஸ் குறைந்தால் மாடுகள் எலும்பைத் தேடும் என்று பாடத்தில் ஒரு வரி படித்திருந்தேன். அந்த ஒரு வரியை நம்பி ஒரு நண்பகலில் மாட்டின் பின்னாலேயே போனேன். அதன் வாய்க்குள் கைவிட்டு எலும்பை இழுத்தேன். வழுவழுவென்று, சூடாக இருந்தது. அது யாருடையது என்று பார்க்காமல் வீடு திரும்ப என்னால் முடியாது. திருப்பிப் பார்த்தேன். ஒரு முனையில் குளம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. செத்த மாடுகளைக் கரையோரம் போடுவார்கள், அங்கிருந்து எடுத்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

கால்நடை மருத்துவமனை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "தீனி என்ன போடுறீங்க?" என்றார். அப்பா படுக்கையில் கிடந்த ஒரு வருஷமாகத் தவிடும் புண்ணாக்கும் நின்றுபோயிருந்தன. வைக்கோலும், தறியின் பாவு நூலை விறைப்பாக்கப் போட்டு மிஞ்சிய அரிசிக் கஞ்சியும்தான். வயிறு நிறையும், ஆனால் அதில் பாஸ்பரஸ் போதாது, மாடு தன் எலும்பிலிருந்தே எடுத்துச் செலவு செய்யும் என்றார். சத்துக் குறைந்தால் ஹார்மோன்களும் தடுமாறும். ஒரு வருஷமாக அது சினைப் பருவத்துக்கே வராததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்றார். அழுகிய எலும்பில் விஷம் இருந்தால் ஒரே நாளில் விழுந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

"ரெண்டு மாசம் குடுங்க சித்தப்பா. அப்பவும் எலும்பத் தேடுனா நானே கயிறு புடிச்சினு சந்தைக்கு வரேன்."

"பேயி தவுடு துன்னுமா?"

"துன்னுதா இல்லியான்னு பாருங்களேன்."

தவிடும் புண்ணாக்கும் போட்டு, டாக்டர் தந்த தாது உப்புக் கலவையையும் சேர்த்தேன். எலும்பு கிடைக்காதபடி கொட்டகையிலேயே கட்டிவைத்தேன். முதலில் சுவரை நக்கியது, கயிற்றை மென்றது. மெல்ல மெல்ல அதெல்லாம் குறைந்தது. ஒருநாள் துணிந்து சுடுகாட்டு வழியாகவே ஓட்டிப் போனேன். தலையைக்கூடத் திருப்பாமல் நடந்தது. அந்த மாதமே பருவத்துக்கு வந்து கத்தியது. சித்தப்பாவே அதைச் சினை ஊசி போட ஓட்டிப் போனார்.

ஆனால் வீட்டுக்குள் கேட்ட சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு விடியலில் புரளாமல், மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்து போனேன். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, இருட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடி நிறையப் பலப்பம். நான் சிலேட்டில் எழுதிய அதே பலப்பம். கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள். கடக், கடக்.

"இன்னாமா பண்ற?"

"வாயி கேக்குதுமா. இத துன்னாத்தான் தறியில கையி ஓடுது."

விளக்கைப் போட்டு அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தமில்லாமல் வெளுத்துக் கிடந்தது. அப்பா படுத்த நாளிலிருந்து அவளும் கஞ்சியைத்தான் குடித்து வந்திருக்கிறாள். அந்த வீட்டில் மாட்டின் தீனியைப் பற்றி ஒரு டாக்டராவது கேட்டார். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

பேய் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பலப்பத் தூள் படிந்த அம்மாவின் உதடுகள்தான். அன்று தறி ஓடவில்லை. வெயில் ஏறுவதற்குள் பெரியாஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கி, வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.