சொந்த வீட்டுக்கு மூன்று மாதம்

தலைப்பிரசவத்துக்காகக் கொழும்பிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்தபோது என் கையில் டிக்கெட் மட்டும்தான் இருந்தது. வேறு காகிதம் எதையும் யாரும் கேட்கவில்லை. கொழும்பில் என் கணவருக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஓர் அடுப்படி. அதுதான் என் வீடு. குழந்தைக்கு ஐந்து மாதமானதும் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இலங்கையும் தனி நாடாகிவிட்டது. மகள் குப்புற விழத் தொடங்கிய நாட்களில்தான், இனி இந்தியர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே இறங்க முடியாது என்று செய்தி வந்தது. அப்பா தினமும் பத்திரிகை வாசித்துச் சொல்வார்.

"ரெண்டு நாட்டுக்காரங்களும் பேசுதாங்களாம். பேச்சு சுமுகமா நடக்குதாம்."

"நான் எப்பம் போலாம்னு போட்டிருக்காப்பா?"

அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்.

கணவராலும் வர முடியவில்லை. அங்கே குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். இந்த நேரத்தில் கடல் தாண்டினால் மனு என்னாகுமோ என்று பயம். மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுதிக் கேட்பார். என் பதில் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பல் எட்டிப் பார்க்கும். கடற்கரையில் தோணிகள் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்படும். வெங்காயம் போகிறது, நான் போக முடியவில்லையே என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மகள் நடக்கத் தொடங்கிய பிறகு, நான் விண்ணப்பித்திருந்த இலங்கை அனுமதி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள்.

"எத்தனை மாசம் தங்கப் போறீங்கம்மா?" என்றார் குமாஸ்தா.

"அது என் வீடுய்யா."

"சரிம்மா. எத்தனை மாசம்?"

மூன்று மாதம் கிடைத்தது.

கொழும்புத் துறைமுகத்தில் கணவர் இளைத்துப்போய் நின்றிருந்தார். மகள் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் கையை விலக்கவே இல்லை. அடுப்படியில் டப்பாக்கள் இடம் மாறியிருந்தன. ஒன்றை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கப் போனவள், திரும்பிப் போகப்போகிறவள்தானே என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் பார்த்துவிட்டார். "ஏளா, உனக்குத் தோதா மாத்தி வை. நான் பழகிக்கிடுதேன்."

அன்று எல்லா டப்பாக்களையும் மாற்றி வைத்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் அவரே வந்து கப்பலேற்றிவிட்டார். நாலு வருஷம் கழித்து, மனு நிராகரிக்கப்பட்டது என்று தாள் வந்தது. கடையை விற்றுவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் அத்தனை நாள் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் வந்த புதிதில், கடை திறக்கும் நேரத்துக்கு எழுந்து குளித்துச் சட்டை மாட்டிக்கொள்வார். பிறகு போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நானும் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.