மேலே ஏறிய ஓடை

என் தங்கை ஹிஃப்ஸா ஷார்ஜாவில் ஒரு வரைபட அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். நான் எட்டாம் வகுப்போடு சரி. அதே தெருவில் நட்டு, போல்ட்டு கடை வைத்திருக்கிறேன்.

விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் போட்டு, தரையின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாக வரைவது அவர்கள் தொழில். அதுவரை வரைந்ததெல்லாம் பாலைவனம். மணலில், படத்தில் தெரிவதுதான் தரை. சென்ற வருடம் அலாஸ்காக் கடற்கரை வந்தது. பனியாறுகள் குடைந்த மலைகள், கடல் விளிம்புவரை மழைக்காடு, சாலையே கிடையாது. இவர்கள் பழக்கத்தில் மர உச்சிகளைத் தரையாக எடுத்துவிட்டார்கள்.

பதினான்கு தாள்கள் சரிபார்க்க ஹிஃப்ஸாவிடம் வந்தன. அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. ஏழாவது தாளில் ஓர் ஓடையை விரலால் தொடர்ந்தாள். கடலுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது அது முப்பத்தெட்டு மீட்டர் மேலே ஏறி, பிறகு கடலில் இறங்கியது.

அன்று மாலை அவளை அழைத்துப்போக வந்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேலாளர் விஜயபாஸ்கர் அவள் மேசையருகே நின்றார்.

“கரடியத் தவிர யாரும்மா அங்க போய்ப் பாக்கப் போறா? கையெழுத்தப் போடு, கலாஸ், வேலை முடிஞ்சுது.”

“கரடிக்கும் ஓடை கீழ்நோக்கித்தான் ஓடும் சார்.”

“நாளைக்கு அனுப்பணும். போடலேன்னா விசா கேன்சல்தான்.”

“பண்ணிக்கிருங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “பாய், நீங்களாச்சும் சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்ல? முப்பத்தெட்டு மீட்டர்னா பன்னெண்டு மாடி சார்.”

ஹிஃப்ஸா பேனாவை எடுத்தாள். சரிபார்த்தவர் கட்டத்தில், ‘சரிபார்த்தேன். தவறு’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் புதிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார். அதையே எழுதினாள்.

மறுபடி அச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. “காக்கா, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க. நேரமாகும் போல” என்றாள். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் நகரவில்லை. மூன்றாம் முறை அச்சடித்து வந்ததிலும் அதையேதான் எழுதினாள்.

மறுநாள் விஜயபாஸ்கர் வாடிக்கையாளரை அழைத்து, இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொடும் லேசர் அளவு வேண்டும் என்று கேட்டார். வேலை ஆறு வாரம் தள்ளிப்போனது. விசா ரத்தாகவில்லை, எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. அதில் ஒரு நகலை வாங்கி, என் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறேன்.

‘மூன்று முறை கையெழுத்திட மறுத்தார்’ என்றிருக்கிறது. பொய். மூன்று முறையும் போட்டாள். நான் எண்ணினேன்.