பேச்சி எழுதச் சொன்ன இறந்தகாலம்

தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெறலாம். சிவப்பு மையிலிருந்து ஓய்வு பெற முடியாது. கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை கண்டு, பந்தியில் சோறு இறங்காமல் தவித்த சக ஆசிரியர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். எழுபதுகளின் நடுவில், கடவுளுக்கு எழுதிய கடிதத்தையே திருத்தப் போய் நான் பட்ட பாட்டை நீங்கள் அறிய வேண்டாமா?

சாமிக்கு ஒருமையா, பன்மையா?

நான் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவன். மாட்டுப்பட்டி அணைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொடக்கப் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மேற்கே, மரத்தடியில் ஒரு கருப்பசாமி. மருந்தும் மனிதரும் கைவிட்ட பிறகு, குறையைக் காகிதத்தில் எழுதிச் சாமியின் சூலத்தில் நூலால் கட்டுவது அங்கே வழக்கம். அதற்குப் பிராது என்று பெயர். லயங்களில் எழுதத் தெரிந்தவர் சிலரே. ஆகவே பிராது எழுதும் பொறுப்பு, பள்ளிக்கூடச் சாவியோடு சேர்ந்து என் கைக்கு வந்தது.

எனக்கு முன்பிருந்தவர் எழுதிய பழைய பிராது ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மூன்று வாக்கியம், பதினொரு பிழை! அதைவிட, சாமியை 'நீ' என்றே அழைத்திருந்தார். நான் எழுதிய முதல் பிராதில் 'தாங்கள் அருள்கூர்ந்து' என்று மாற்றினேன். பூசாரி இருளப்பன் தேயிலைச் செடிகளைக் கிளை வெட்டிக் கவாத்து செய்பவர்; வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி. காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "'தாங்கள்'னு எழுதினா, யாரோ மேனேஜருக்கு வந்த தபால்னு சாமி பிரிச்சுக்கூடப் பாக்காது, சாரே!"

பேச்சியின் வினைமுற்று

என் மூன்றாம் வகுப்பில் வசந்தா என்றொரு பெண். வகுப்பிலேயே உரத்த குரல் அவளுடையது. ஆடி மழையில் காய்ச்சல் வந்து பதினாறு நாள் கிடந்தாள். காய்ச்சல் இறங்கியது, கூடவே பேச்சும் போயிற்று. காது கேட்டது, சொன்னதைச் செய்தாள், எழுதினாள். வாயிலிருந்து மட்டும் ஓர் எழுத்தும் வரவில்லை. கோட்டயம் வரை கொண்டுபோய்க் காட்டினார்கள். தொண்டையில் குறை ஒன்றும் இல்லை, காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் காத்திருந்தபின், கொழுந்து பறிக்கும் அவள் தாய் பேச்சி, கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மதியம் வெள்ளைக் காகிதத்தோடு வந்தாள்.

"எழுதுங்க, சார். கருப்பசாமி, எம் மவ வசந்தா பேசிட்டா."

நான் துள்ளி எழுந்தேன். "பேசிவிட்டாளா? எப்போது?"

"இன்னும் இல்லையே, சார்."

என் பேனா நின்றது. நடக்காததை இறந்தகாலத்தில் எழுதுவது பிழை அல்லவா? 'பேசுவாள்' என்று எதிர்காலத்தில் எழுதலாம், 'பேச வேண்டும்' என்று வேண்டுகோளாக எழுதலாம் என்று கரும்பலகையில் எழுதியே காட்டினேன். பேச்சி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, தராசில் கொழுந்து நிறுக்கும்போது எடை குறைந்தால் கேட்பாளே, அந்தக் குரலில் சொன்னாள்: "வேணும் வேணும்னு நாலு மாசம் கேட்டாச்சு. பேசுவான்னு எழுதினா, என்னைக்குன்னு சாமி கேக்கும். எனக்கு நாள் தெரியாது. பேசிட்டான்னே எழுதுங்க, சார்!"

எழுதினேன்.

இலக்கணத்தில் இடம் உண்டு

மறுநாளே அவள் கணவன் சுடலைமுத்து வந்துவிட்டான். கோபக்காரன் அல்லன்; அழுது முடித்த முகம். "பொய்ய எழுதிக் குடுத்துட்டீங்களே, சாரே. அவ அத நம்பிக்கிட்டு லயமெல்லாம் சொல்லிட்டுத் திரியிறா" என்றான். தை பிறந்ததும் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, போடியில் உள்ள தன் அக்காள் வீட்டில் ஆடு மேய்க்க விடப்போவதாகவும் சொன்னான். பேசாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்பது அவன் கேள்வி.

பேச்சிக்காக வாதாட என்னிடம் இருந்தது இலக்கணம் ஒன்றுதான். ஆனால், நண்பர்களே, அப்போதுதான் எனக்கு அது பளிச்சென்று தோன்றியது! "அது பொய்யும் அன்று, பிழையும் அன்று, சுடலை! அதற்குக் காலவழுவமைதி என்று பெயர். சாப்பிடக் கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன்பே 'வந்துவிட்டேன்' என்கிறோம், அது விரைவு. நடந்தே தீரும் என்ற உறுதி இருந்தால், நடக்கப்போவதை நடந்ததாகவே சொல்லலாம், அது தெளிவு. பேச்சிக்குத் தெளிவு இருக்கிறது!" என்று மூச்சு விடாமல் பொழிந்தேன். அவன் முழுதும் கேட்டான்; எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "உங்க எலக்கணத்துல எடம் இருக்கு, சாரே. எம் மனசுல எடம் இல்ல."

ஒரு நிமிடம்

பிராது என் கையெழுத்தில் அல்லவா சூலத்தில் தொங்குகிறது! திங்கட்கிழமை வகுப்பில் நின்றபோது உறைத்தது: நான்கு மாதமாக, வாசிப்பு முறை வரும்போதெல்லாம் வசந்தாவைத் தாண்டி அடுத்த பெண்ணை எழுப்பிவந்திருக்கிறேன். அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்ற கருணையாம்! உண்மையில் நானும் அவளைக் கைவிட்டவர் பட்டியலில்தான் இருந்தேன்.

அன்றுமுதல், "வசந்தா, வாசி" என்று அழைத்தேன். அவள் புத்தகத்தோடு எழுந்து நிற்பாள். ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருப்பேன். நான் கோயிலுக்கு அதிகம் போகாதவன். எனினும் அந்த நிமிடத்தில் என் நெஞ்சு செய்த வேலைக்குப் பிரார்த்தனை என்பதைத் தவிர வேறு பெயர்ச்சொல் கிடையாது. மூன்று வாரம் இப்படியே போயிற்று, ஒலி வரவில்லை. தை நெருங்க நெருங்க என் நம்பிக்கைதான் தேய்ந்தது. ஒருநாள் அந்த ஒரு நிமிடத்தை நானே பாதியில் முறித்து, "உட்கார்" என்றேன். பக்கத்திலிருந்த ஜெயா எழுந்து என்னை முறைத்தாள்: "அவ மனசுக்குள்ள வாசிச்சுக்கிட்டு இருக்கா, சார். நீங்க ஏன் அவசரப்படுறீங்க?"

மாடு

அடுத்த புதன்கிழமை. வராந்தாவில் மதிய உப்புமா அண்டா இறங்கியிருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன்.

"சார்! மாடு வந்துருச்சு! உப்புமாவத் தின்னுருச்சு!"

கணீரென்ற குரல். நான் சன்னல் வழியே பார்த்தேன். மாடு வேலிக்கு அப்பால், இருபது அடி தள்ளி, தலையைத் தூக்கி மோந்துகொண்டிருந்தது. சிவப்பு மை என் நாக்கிலும் ஊறியிருக்கிறதே! "வரவில்லை, வரப்போகிறது. தின்னவில்லை, தின்னப்போகிறது" என்று திருத்திவிட்டு எழுத்தைத் தொடர்ந்தேன்.

வகுப்பில் ஓர் அசைவும் இல்லை. திரும்பினேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வசந்தா நின்றுகொண்டிருந்தாள். தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து, வாயைக் கையால் பொத்தியபடி.

"சொல்லம்மா! இன்னொரு தடவை சொல்! எவ்வளவு பிழையாக வேண்டுமானாலும் சொல்!" என்று கத்தினேன். "மாடு, சார்" என்றாள். போதாதா? சுண்ணக்கட்டியை வீசினேன், செருப்பில்லாமல் ஓடினேன், பின்னாலேயே நாற்பது பிள்ளைகளும் வசந்தாவை இழுத்துக்கொண்டு கூச்சலோடு வந்தார்கள். மேல் சரிவில் கவாத்துக் கத்தியோடு நின்ற சுடலைமுத்து, மகள் "அப்பா" என்றதும் செடிகளுக்கிடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். போடிப் பயணத்தைப் பற்றி அதன்பின் அவன் வாய் திறக்கவில்லை. நான் கீழ்வரிசையை நோக்கி, "பேச்சி! வசந்தா பேசிவிட்டாள்!" என்று கூவினேன். பேச்சியின் கைகள் கொழுந்தின்மேல் நின்றன. கன்னத்தில் கண்ணீர் வழிய, என்னவோ நான் பழைய சேதியைச் சுமந்து வந்தவன்போல் சொன்னாள்: "அதத்தான் அன்னைக்கே எழுதிக் குடுத்தோமே, சார்!"

நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது அண்டா வழித்துத் துடைக்கப்பட்டிருந்தது. ஆக, வசந்தா சொன்ன இரண்டு வாக்கியங்களும் எந்தச் சலுகையும் வேண்டாத சுத்தமான இறந்தகாலமாகிவிட, அன்று அந்தப் பள்ளியில் திருத்தப்பட வேண்டியவனாக எஞ்சியவன் நான் ஒருவனே.