சந்தனம் படாத ஃப்ளாப்பி

தேதி விஷயத்தில் நான் கறாரானவன். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1991இல் ஆயுத பூஜை புரட்டாசி முடிகிற தறுவாயில் வந்தது. கல்யாணப் பத்திரிகை அதே வருஷம் கார்த்திகையில் அச்சானது. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் நான் ஒரு மனிதரை மனதார வெறுத்தேன். அதற்கு முன்பும் பின்பும் யாரையும் அவ்வளவு ஒழுங்காக வெறுத்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் அச்சகத்தில் அப்போது எனக்கு வேலை. சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர், பெயர்ப்பலகை, பண்டிகை வந்தால் நோட்டீஸ், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. எல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங். அச்சகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய இடத்தில் அது இருந்தது. அதன் எதிரே இருந்த நாற்காலி என்னுடையது. மவுஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாகப் படம் வரைந்து, கீழே தமிழ் எழுத்து சேர்க்கிற மென்பொருள் ஒன்றை மெட்ராஸில் யாரோ இரண்டு பேர் செய்து விற்றிருந்தார்கள். அதை அந்த ஊரில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பட்டப்படிப்பு முடித்து நான்கு வருஷம் வேலையில்லாமல் திரிந்தவனுக்கு அந்த நாற்காலி என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் கோடையில் நான் ஒரு மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை வரைந்தேன். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், நடுவில் பூ அலங்காரக் கார், காரின் ஜன்னலில் மாப்பிள்ளை, இரு பக்கமும் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு சுமந்தவர்கள். தவில்காரரின் விரல்களில் உள்ள உறைகள்கூடத் தெரியும். பத்திரிகை அடிக்க வந்த எல்லோரும் அந்தப் படத்தையே கேட்டார்கள்.

முதலாளிக்கு ஒரு மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. மெட்ராஸில் மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தார். தடித்த கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். மதிய இடைவேளையில் நான் புத்தகம் படிப்பது அவருக்கு வேடிக்கை.

"இன்னா வாத்தியாரே, சாப்பாட்டுக்குத் தொட்டுக்க புத்தகமா?"

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அவர் மெட்ராஸிலிருந்து புது டாஸ் கொண்டுவந்தார். டாஸ் என்பது அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு உயிர் மாதிரி. ஸ்விட்சைப் போட்டதும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்புவது அதுதான். எங்களிடம் இருந்தது பழசு. "ஊர்ல எல்லாம் புதுசுக்கு மாறிட்டாங்க மாமா, நாமதான் கட்ட வண்டி ஓட்டிக்கினு இருக்கோம்" என்றார் முதலாளியிடம். விஜயதசமியன்று புதுசைப் போடுவது என்று முடிவானது. புதுசாக எதைத் தொடங்கினாலும் அன்றுதான் தொடங்க வேண்டும் என்பதில் முதலாளிக்கு மறுபேச்சு கிடையாது.

பூஜையன்று நான் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மைத்துனர், அக்காள் சொன்னபடி ஒன்றுவிடாமல் எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலுக்கு, மை அள்ளும் கரண்டிக்கு, மானிட்டருக்கு, கீபோர்டுக்கு. பிறகு ஃப்ளாப்பிப் பெட்டியைத் திறந்தார். அவை அந்தக் காலத்துப் பெரிய ஃப்ளாப்பிகள், அப்பளம் மாதிரி வளையும். உறையிலிருந்து எடுத்தால் நீள்வட்டமாக ஒரு திறப்பு, அதில் உள்ளே இருக்கிற பழுப்புத் தகடு தெரியும். சேமித்ததெல்லாம் பதிந்திருப்பது அந்தத் தகட்டில்தான். லேபிளில் வைத்தால் எழுத்து அழிந்துபோகும் என்று, ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் உறையிலிருந்து எடுத்து, அந்தத் திறப்பின் நடுவில் குழைத்த சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்திருக்கிறார். பழைய டாஸ், வரைகிற மென்பொருள், என் படங்களின் பிரதிகள், எல்லாவற்றுக்கும். நான் கைகழுவிவிட்டு உள்ளே வந்தபோது அவை பொரி, கடலை, பூசணிக்காயோடு வரிசையாக அமர்ந்திருந்தன. மங்களகரமாகத்தான் இருந்தது.

பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த புது டாஸ் மறுநாள் ஏறியது. ஸ்விட்சைப் போட்டதும் வேகமாக எழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நான் வழக்கம்போல என் மென்பொருளைக் கூப்பிட்டேன். திரை இருண்டது. மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னியது. அவ்வளவுதான். அணைத்துப் போட்டாலும் அதே இருட்டு, அதே கோடு. மென்பொருளை மறுபடி ஏற்றலாம் என்று ஃப்ளாப்பியைப் போட்டால், டிரைவ் கரகரவென்று இருமிவிட்டு முடியாது என்றது. அடுத்த ஃப்ளாப்பியும் அப்படியே.

புதுசில் கோளாறு இருக்கலாம் என்று மைத்துனருக்குத் தோன்றவேயில்லை. சந்தனமும் அவர் நினைவுக்கு வரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என் மேல் நின்றது.

"மாமா, இது வைரஸ். இவரு தெனம் ஒரு ஃப்ளாப்பிய வூட்டுக்குத் தூக்கினு போறாரு இல்ல? அதுலேர்ந்துதான் வந்திருக்கு."

வீட்டுக்குக் கொண்டுபோனது உண்மை. மென்பொருளை விற்றவர்கள் படம் சேமிக்க எனக்கென்று ஒரு ஃப்ளாப்பி கொடுத்திருந்தார்கள். தூசி படக்கூடாதென்று அதை நான் படிக்கும் புத்தகத்தின் நடுவே வைத்து எடுத்துப்போவேன். என் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, வைரஸ் எங்கிருந்து ஏறும் என்று கேட்டேன்.

"அது காத்துல கூட வரும் வாத்தியாரே. உங்களுக்குப் புரியாது."

கடையில் எல்லோரும் கேட்க இதைச் சொன்னார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் நீ வெளியில பாருப்பா" என்றார். அன்றிலிருந்து ஏசி அறைக்குள் நான் போகக்கூடாது. அந்த ஃப்ளாப்பியும் போகக்கூடாது, அதிலிருந்து எதையும் யாரும் காப்பி எடுக்கக்கூடாது. இது மைத்துனர் போட்ட சட்டம். எனக்குக் கிடைத்த வேலை ஸ்கிரீன், அதாவது மை படிந்த அச்சுத் துணிச்சட்டம், கழுவுவது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்துத் தேய்த்து என் சோறு மண்ணெண்ணெய் மணத்தது.

தீபாவளி நோட்டீஸ்கள் மெட்ராஸுக்குப் போய் அச்சாகி வந்தன. என் நாற்காலியில் மைத்துனர் உட்கார்ந்து சீட்டு விளையாடினார், கம்ப்யூட்டருக்கு எதிராக.

தீபாவளி கழிந்து ஒரு மதியம். முதலாளி வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்லுக்கு ஸ்டிக்கர் கொடுக்கப் போயிருந்தார், மைத்துனர் மெட்ராஸில். கடையில் நானும், ஸ்டிக்கர் வெட்டுகிற பென்னலூர்க்கார அக்காவும்தான். நாக்கில் கத்தி வைத்திருப்பவள். ஆனால் என்னிடம் பிரியம் உண்டு. என் படங்கள் பிழைத்திருக்கின்றனவா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட எனக்கு ஆசை. என் ஃப்ளாப்பி பூஜை நாளன்று வீட்டில் இருந்தது. அன்று படிக்கக்கூடாது என்பதால் புத்தகம் சாமி முன்னால் அடுக்கில் இருந்தது. ஃப்ளாப்பி புத்தகத்தின் உள்ளே இருந்தது. என் அம்மா பொட்டு வைத்தது அட்டையில்.

"அக்கா, யாராவது வந்தா குரல் கொடுங்க."

"போ தம்பி. நீ இன்னா நகைக்கடையா உடைக்கப் போற."

அவசரத்தில் ஃப்ளாப்பியைச் செருகிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டேன். நான் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஃப்ளாப்பி உள்ளே இருந்தால் கம்ப்யூட்டர் முதலில் அதைத்தான் படிக்கும் என்பதும், விற்றவர்கள் அதிலேயே பழைய டாஸை வைத்துக் கொடுத்திருந்தார்கள் என்பதும் எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. கம்ப்யூட்டர் பழைய டாஸோடு, பழைய மெதுவான வேகத்தில் எழுந்தது. மென்பொருளைக் கூப்பிட்டேன். திறந்தது. ஊர்வலம் புறப்பட்டது, விரலுறைகள் உட்பட.

வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. புதுசுக்கும் என் மென்பொருளுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே. பல வருஷங்களுக்குப் பிறகு ஒருவர் சொன்னார், இந்த மாதிரி பழைய மென்பொருளைச் சமாளிக்க அந்தப் புது டாஸிலேயே ஒரு வழி இருந்ததாம். மைத்துனருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அணைத்தேன். ஃப்ளாப்பியைப் புத்தகத்துக்குள் வைத்தேன். கதவோரம் நின்றிருந்த அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"அதான் வேல செய்யுதே. மொதலாளி வந்ததும் சொல்லிடுறியா?"

"இல்லை."

"பின்ன?"

"அவரு நாலு பேர் முன்னாடி சொன்னாரு. நானும் நாலு பேர் வரட்டும்னு பாக்கறேன்."

"உன்ன பூன்னு நெனச்சேன், முள்ளும் வச்சினு கீற" என்று சொல்லிவிட்டு அக்கா வெட்டப் போய்விட்டாள்.

நாலு பேர் கார்த்திகையில் வந்தார்கள். மைத்துனருக்குக் காஞ்சிபுரத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது, கல்யாணம் தையில். மார்கழி பிறப்பதற்குள் பத்திரிகை கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா, தன் தம்பியோடும் ஒரு தரகரோடும் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். என் ஊர்வலம்.

"மாப்பிள்ளை நிச்சயத்தன்னைக்குக் காட்டினார். அவரே கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுன்னு சொன்னார். இதே படம்தான் பத்திரிகையில வேணும்னு பொண்ணு சொல்லுது. போடறதைக் கண்ணால பாத்துட்டுப் போலாமேன்னு வந்தோம்."

நான் ஸ்கிரீன் கழுவுவதை நிறுத்தினேன். நாற்காலியை எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியும். படத்தையும் எடுத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

செருப்புகளைக் கழற்றிவிட்டு எல்லோரும் அறைக்குள் போனார்கள். கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. மைத்துனர் உட்கார்ந்தார், ஸ்விட்சைப் போட்டார், மென்பொருளைக் கூப்பிட்டார். இருட்டு. கோடு. அணைத்தார், போட்டார். இருட்டு. ஏசி அறையில் அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அந்தக் காட்சியை நான் அவசரப்படாமல் பார்த்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் பார்த்ததில்லை.

"வைரஸ் மாமா" என்றார் வருங்கால மாமனாரிடம். "முன்னாடி இங்க இருந்த ஒருத்தரால."

பெரியவர் திரும்பி முதலாளியைக் கேட்டார்: "வேற யாருக்கும் தெரியாதுங்களா?"

முதலாளி பதில் சொல்வதற்குள் பென்னலூர் அக்கா வெட்டுமேஜையிலிருந்து குரல் கொடுத்தாள். "அதோ குந்தினு கீறாரே, மண்ணெண்ண வாடையோட. அவரக் கேளுங்க."

நான் கைகழுவிக்கொண்டு எழுந்தேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன், புத்தகத்திலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தேன். கதவருகே மைத்துனர் குறுக்கே நின்றார்.

"அது உள்ள வரக்கூடாது."

"சரிங்க. போய்டறேன்."

"வழிய வுடுடா" என்றார் முதலாளி.

செருகினேன், ஸ்விட்சைப் போட்டேன். பழைய டாஸ் நிதானமாக எழுந்தது. ஊர்வலம் திரைக்கு வந்ததும் பெரியவர் தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்தத் தவில்காரர் யாருங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

மைத்துனர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சொன்னேன்: "எங்க தெருவுல இருக்கறவருங்க. எங்க அக்கா கல்யாணத்துல வாசிச்சாரு. விரல்ல உறை போட்டுக் காட்டினாரு, பாத்து வரைஞ்சேன்."

பெரியவர் மாப்பிள்ளையைத் திட்டவில்லை. "அப்படீங்களா" என்றார். அந்தத் தாளை மறுபடி நான்காக மடித்தார். அவர் மடித்த விதம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் நாற்காலி திரும்பவில்லை. அவர்கள் போன பிறகு முதலாளி மைத்துனரைக் கேட்டார்: "அப்போ வைரஸ் இல்லியாடா?"

"இருக்கு மாமா. இப்ப தூங்குது."

புதுசில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டால் பழைய டாஸை மெட்ராஸில் எங்கு வேண்டுமானாலும் வாங்கி வந்து போட்டிருக்கலாம். என் ஃப்ளாப்பியில் வைரஸ் இல்லை என்று சொல்லிவிட்டால் ஒரு நிமிஷத்தில் காப்பி எடுத்திருக்கலாம். இரண்டையும் அவர் சொல்லவில்லை. ஆகவே காலையில் அந்த மென்பொருள் திறக்க வேண்டுமென்றால் அவர் என்னிடம் வர வேண்டியிருந்தது.

"அதக் குடுங்க."

"எதைங்க?"

"ஃப்ளாப்பி."

"எந்த ஃப்ளாப்பிங்க?"

"உங்க ஃப்ளாப்பி."

"அந்த வைரஸ் ஃப்ளாப்பியா?"

இது தினமும் நடந்தது, ஒரு வார்த்தை மாறாமல். அக்கா அந்த நேரத்துக்குக் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். சாயங்காலம் திரும்ப வாங்கி, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் வைப்பேன். ஒருநாள் காலை முதலாளி பாதி உரையாடலில் தலையைப் பிடித்துக்கொண்டார். "தெனம் இவன்கிட்ட பிச்சை எடுக்கறதுக்கு, இவனே குந்தி செய்யட்டும். நீ மெட்ராஸுக்குப் போய் வேற வேல பாரு."

அப்படித்தான் நாற்காலி என்னிடம் வந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.

கல்யாணப் பத்திரிகை பாக்கி இருந்தது. அதை நானே முடித்தேன், பொறுமையாக. படத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். ஊர்வலத்தின் வால்பக்கம் பெட்ரோமாக்ஸ் சுமந்து வருகிற கடைசி ஆளுக்குத் தடித்த ஃப்ரேம் கண்ணாடி போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்தேன். சில புள்ளிகள்தான். அச்சாகிக் காய்ந்த பத்திரிகைகளை அடுக்கும்போது அக்கா ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். காஞ்சிபுரத்திலிருந்து சேரப்பணஞ்சேரி வரை மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு, வீடு வீடாக அந்தப் பத்திரிகை போனது.

கல்யாணத்துக்கு நானும் போனேன், சாப்பிட்டேன். மொய் எழுதிவிட்டு மேடையேறியபோது மைத்துனர் மாலையோடு என் பக்கம் குனிந்தார்.

"வாத்தியாரே, அந்த வெளக்கு தூக்கறவன் யாரு?"

"தெரியலீங்களே. யாரோ வாடகை ஆளு" என்றேன்.