பூச்சாண்டிக்கு என்ன உருவம்?

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சன்னிவேல் ஊர் நூலகத்தில் அந்தச் சனிக்கிழமை குழந்தைகளுக்குக் கதை நேரம். 'ஊர் ஊராய்ப் பேய் பூதங்கள்' என்று தலைப்பு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பூதத்தை வரைந்து வந்து அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு ஏழு வயது, பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்காகச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் அமெரிக்க அம்மாள்.

முந்தின வாரம் முழுக்க எனக்குத் தலைவலி. நம்மிடம் இருப்பது பூச்சாண்டிதானே? அவன் எப்படி இருப்பான் என்று யார் கண்டது! "பூச்சாண்டி வர்றான், சீக்கிரம் சாப்பிடு" என்று கத்தியே என்னை வளர்த்தார்கள். அவன் வெறும் குரல். காது கேட்காத பிள்ளையிடம் அவன் பாச்சா பலிக்குமா? தெரபியில் பேச்சு வந்துவிடும் என்று நம்பி, சைகை வகுப்பை நான் பாதியிலேயே விட்டவள். அந்த அரைகுறைச் சைகையில் கொம்பு, மீசை, கோணிப்பை என்று ஏதோ காட்டினேன். அவள் சிரித்துவிட்டுத் தானே ஒரு பூதத்தை வரைந்துகொண்டாள். என்னிடம் காட்டவில்லை.

நூலகத்துக்குள் நுழைந்ததுமே தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒருத்தி மகனோடு எதிரில் வந்தாள். "எப்படி இருக்கீங்க? பொண்ணு இப்ப பேசறாளா? ஏதாவது இம்ப்ரூவ் ஆச்சா?"

மகள் அவளிடம் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். நான் பழக்கதோஷத்தில் அவள் கைகள் இரண்டையும் பிடித்து இறக்கி, "ம்ம், தெரபி போயிட்டிருக்கு" என்று இளித்தேன். நாலு பேர் முன்னால் அவள் கையை ஆட்டினால் எனக்கு உடம்பு கூசும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவள் முறை வந்தது. இந்த மொழிபெயர்ப்பாளர்கள் 'அவள் சொல்கிறாள்' என்றெல்லாம் சொல்வதில்லை, 'நான்' என்றே பேசுவார்கள். மகளின் கைகள் அசைய அசைய, அந்த அம்மாள் ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"என் பூதத்துக்குக் கொம்பு இல்ல. பல்லும் பெருசா இல்ல. பச்சை வளையல் போட்டிருக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். மர மண்டை, உறைக்கவே இல்லை.

"வீட்ல ரொம்ப நல்லா இருக்கும். யாராவது வந்தா மட்டும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கும். அப்ப என்னால பேச முடியாது."

தமிழ்ப் பள்ளிக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவசர அவசரமாக ஸ்வெட்டர் கையை இழுத்து என் பச்சை வளையல்களை மூடினேன். கடவுளே, அப்போதும் எனக்கு மறைக்கத்தான் தோன்றியது!

நூலகர் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டார், அந்தப் பூதத்தை எப்படி விரட்டுவாய் என்று.

மகள் என்னைப் பார்த்தபடி மெதுவாகக் கைகளை அசைத்தாள். அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"விரட்ட முடியாது. அதுதானே என்னைக் கார்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."