காக்கா கண்ட பிறை

இதை எழுதுவோமா விடுவோமா என்று பல வருடம் தயங்கினேன். என்னைப் பெற்ற வாப்பா மவுத்தாகி அடங்கும்வரை கை வரவில்லை.

போன கிழமை சவளக்கடைக்கு அப்பால் எங்கள் பழைய வயலுக்குப் போனேன். யாரும் ஏறாத அந்தச் சின்னப் பாறையில் வெளியூர்ப் பொடியன் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டி ஏறி, உச்சியில் நின்று கூட்டாளியைக் கூப்பிட்டான். அந்தக் குரல் கேட்டதும் எனக்கு என் மூத்த சகோதரர் காக்காவின் குரல் நினைவுக்கு வந்தது.

ஐம்பதுகளில் ஒரு நோன்புக் கடைசி. அறுவடைக்காக வயல் வாடிக் குடிசையில் தங்கியிருந்தோம். ஊர்ப் பள்ளிவாசலில் பிறை அறிவித்தால் அங்கே கேட்காது. அதனால் நோன்பு திறந்த கையோடு பிறை பார்க்கக் காக்கா அந்தப் பாறையில் ஏறினார். வெயிலில் காய்ந்த கல் இன்னும் சுட்டது.

"வாப்பா, பிறை கண்டுட்டன்!"

"பகிடி விடாம இறங்குடா. நேத்து யானை வருதெண்டு என்னை மரத்தில ஏத்தினவன்தானே நீ."

"வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை வாப்பா, அந்தா."

கை நீட்டிக் காட்டத் திரும்பியவருக்குக் கால் வழுக்கியது.

வாப்பா அவரை மடியில் கிடத்தி, "ஓம் மகன், நீ கண்டதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காக்காவுக்கு அது கேட்டதோ தெரியாது. மாட்டுக்கரத்தையில் உயிர் போன காக்காவின் மையித்தோடு ஊருக்குள் நுழைந்தபோது பள்ளிவாசலில் பிறை கண்டதை அறிவிக்கும் பெருநாள் தக்பீர் முழங்கியது.

அதன் பிறகு, பிறை கண்டேன் என்று எவர் வந்து சொன்னாலும் வாப்பா மறுபேச்சில்லாமல் நம்புவார்.

அந்தப் பொடியன் சுகமாக இறங்கினான், அல்ஹம்துலில்லாஹ். காக்கா விளையாட்டுக்கு ஏறி விழுந்தார் என்றுதான் ஊரில் இன்னும் கதைக்கிறார்கள். வாசிக்கிறவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் பிறை கண்டார்.