கல்லுக்கிடங்கின் கட்டை வெட்டிய நாள்

யுத்த காலம் அது. மார்கழி மாதம். சண்டிலிப்பாய்க்குக் கிட்ட, எங்கள் ஊர் மேட்டில் ஒரு பழைய கல்லுக்கிடங்கு இருந்தது. ரோட்டுப் போடுவதற்கென்று வருடக்கணக்காகச் சுண்ணாம்புக் கல் உடைத்த இடம். கல் முடிந்ததும், கழித்துப்போட்ட மண்ணையெல்லாம் நிரவிப் புல் பிடிக்க வைத்தோம். பள்ளப் பக்கம் ஒரு மண்கட்டுக் கட்டி மழைத்தண்ணீரைத் தேக்கினோம். கோடையில் தோட்டங்களுக்கு அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் திறக்கிற துருசையும், சேறு படிகிற சின்னக் குழியையும் கவனிக்கிற பொறுப்பை ஊரார் என்னிடம் விட்டிருந்தார்கள்.

மழை கார்த்திகையோடு ஓய்ந்துவிட்டது என்று நம்பிப் பலர் புகையிலைக் கன்று நட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் புயல் மழை பிடித்தது. விடவேயில்லை.

ஒரு மத்தியானம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டின் அடியைப் பார்க்கப் போனேன். அங்கே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். தெளிவாகக் கசியும்வரை பயமில்லை. அன்று சிவப்பாகக் கலங்கி வந்தது. கையில் ஏந்தினேன், விரலிடுக்கில் மண் நறநறத்தது. கட்டின் வயிற்றுக்குள் தண்ணீர் மண்ணை அரிக்கிறது என்று விளங்கியது.

கட்டுக்கு நேர் கீழே சில வீடுகள். அவற்றில் ஒன்றில் என் தங்கை, பிள்ளை பெற்றுச் சில நாள்தான்.

துருசைத் திறக்க ஓடினேன். நிரவி விட்ட மண் மழையில் சரிந்து அதன் வாயை மூடிவிட்டிருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று அலவாங்குக் கம்பியால் குத்திப் பார்த்தேன். குத்தக் குத்த மேலிருந்து சேறு வந்து இறங்கியது. மேலே ஏறி, தங்கையின் புருஷனைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"மச்சான், எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போ! கட்டு நிக்காது!"

"இவளாலை நடக்கேலாதே!"

"கட்டிலோடை தூக்குங்கோ!"

இனி ஒரே வழிதான் இருந்தது. கட்டின் வடக்கு முனையில் மண்ணுக்கு அடியில் பாறை. அங்கே வெட்டினால் பாறை மட்டம்வரை தண்ணீர் இறங்கும். அதற்குக் கீழே அரிக்காது. கட்டின் பாரம் குறையும். ஆனால் அந்த முனைக்குக் கீழேதான் ஒரு புகையிலைத் தோட்டம். பக்கத்து ஊர் விதவை ஒருவர் செய்து வந்தார். இரண்டு பெண்பிள்ளைகளோடு அவருக்கு வருடம் முழுக்க அதுதான் சீவியம். அதுவரை அவரோடு நான் நாலு வார்த்தை கதைத்ததில்லை.

மண்வெட்டியோடு போனால், அந்த அக்கா தோட்டத்துக்குள் நிற்கிறார். கன்றுகளின் அடியில் நின்ற தண்ணீரை வெட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஏன் இஞ்சாலை வாறீர்?"

சொன்னேன். என் தங்கையும் அந்த வீடுகளில் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேறை வழி இல்லையோ?"

"இல்லை அக்கா."

அவர் கன்று வரிசைகளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. கீழே சனங்கள் கத்துகிற சத்தம் கேட்டது.

"உம்மடை தங்கச்சியும் அங்கைதானே கிடக்கிறாள்?"

"ஓம்."

"பிறகேன் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? வெட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறி வந்து எனக்கு எதிர்ப்பக்கம் நின்று வெட்டினார். கட்டு பிளந்ததும் தண்ணீர் பாய்ந்த வேகத்தில் என் காலடி மண் கழன்றது. சறுக்கி விழுந்தேன். அவர் மண்வெட்டிப் பிடியை நீட்டியிராவிட்டால் நானும் அந்தப் பிளவோடு போயிருப்பேன். பிடியைப் பிடித்துக் கரையேறி, இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு குந்தியிருந்தோம். கண் முன்னாலே புகையிலைக் கன்றுகள் ஒவ்வொரு வரிசையாக கிடங்கின் வெள்ளைச் சுண்ணாம்புச் சேற்றுக்குள் போயின. அவர் கண்ணைத் திருப்பவில்லை.

பொழுது படுகிற நேரம் கட்டின் அடியில் போய்ப் பார்த்தேன். கசிவு குறைந்து, தெளியத் தொடங்கியிருந்தது. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

மழை விட்டபின் ஊரே சேர்ந்து அந்தச் சேற்றை வாரி அகற்றியது. ஆனாலும் அந்தப் போகம் போனது போனதுதான். நன்றி சொல்லப் போன என் தங்கையிடம் அவர், "பிள்ளை பால் குடிக்குதோ?" என்று மட்டும் கேட்டாராம்.

யாரும் பதற்றத்தில் ஒன்றைக் கைவிடலாம். அவரோ தன் கன்றுகளைக் கடைசி வரிசைவரை பார்த்து, எதை இழக்கப்போகிறேன் என்று முழுதாக அறிந்துகொண்டுதான் வெட்டச் சொன்னார் என்பதை இத்தனை வயதிலும் என்னால் லேசாக நினைத்துவிட முடியவில்லை.